ஃபென்டானில் பேட்ச்: ஊசி இல்லாத வலி நிவாரணம், ஆனால் அவசரத்துக்கு ஆகாது

புற்றுநோய் வலிக்காக நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின் ஊசி போட்டுக்கொள்ளும் உடம்புக்கு, 72 மணி நேரத்துக்கு ஒருமுறை தோலில் ஒட்டும் பேட்ச் பெரிய விடுதலை. தொண்டையில் கட்டி, ஓயாத வாந்தி என்று மாத்திரை இறங்காதவர்களுக்கு மனதாரப் பரிந்துரைக்கலாம். பேட்ச்சில் இருக்கும் ஃபென்டானில், மார்ஃபின் வகையைச் சேர்ந்த வலி மருந்து. சின்ன மூலக்கூறு, கொழுப்பில் கரையும். அதனால்தான் தோலைத் தாண்டுகிறது. இன்சுலின் போன்ற பெரிய மூலக்கூறை இப்படி ஒட்டினால் தோலுக்கு மேலேயே நின்றுவிடும்.

குறை, வேகம்தான். மருந்து முதலில் தோலில் தேங்கி, பிறகுதான் ரத்தத்தில் கலக்கும். முதல் பேட்ச் முழுதாகப் பிடிக்க 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அதுவரை பழைய மருந்தை எப்படித் தொடர்வது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திடீரென்று கிளம்பும் வலிக்கு இது உதவாது. கழற்றினாலும் மருந்து உடனே இறங்காது. ரத்தத்தில் பாதியாகக் குறையவே 17 மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும்.

ஒட்டும் இடம் மார்பு, முதுகு அல்லது மேல்கை. முடி இருந்தால் கத்தரியால் நறுக்குங்கள். சவரம் செய்தால் தோல் கீறி மருந்து கூடுதலாக இறங்கும். வெறும் தண்ணீரால் துடைத்து நன்றாக உலர விடுங்கள். சோப்பு, தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் கூடாது, பிடிப்பு போய்விடும். உள்ளங்கையால் 30 விநாடி அழுத்தி, ஓரங்களை விரலால் நீவிவிடுங்கள். வியர்வையில் ஓரம் மட்டும் எழும்பினால் மருத்துவ டேப் போதும். அடுத்ததை வேறு இடத்தில் ஒட்டுங்கள், அதுவும் பழையதை எடுத்த பிறகுதான். முதுகில் இருப்பதை மறந்து இன்னொன்றை ஒட்டுவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் ஆபத்து. தேதியையும் நேரத்தையும் நோட்டில் எழுதிவையுங்கள்.

வலிக்கிற இடம் என்று பேட்ச் மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவே கூடாது. சூட்டில் மருந்து வேகமாக இறங்கி மூச்சு மந்தமாகும். காய்ச்சலும் அப்படித்தான், மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எழுப்பினாலும் கண் திறக்காத தூக்கம், குறைந்த மூச்சு என்றால் உடனே பேட்ச்சைப் பிய்த்துவிட்டு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள்.

மணிக்கு 25 மைக்ரோகிராம் பேட்ச், நாளொன்றுக்குக் குறைந்தது 60 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரைக்குச் சமம். மார்ஃபின் வகை மருந்துக்குப் பழகாத உடம்பு இதைத் தாங்காது. முதுகுவலிக்கு என்று பக்கத்து வீட்டாருக்கு ஒன்று கொடுத்துவிடாதீர்கள். இந்த மருந்தால் மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தை முதல் நாளே ஆரம்பித்துவிடுங்கள்.

மூன்று நாள் கழித்து எடுக்கும் பேட்ச்சிலும் நிறைய மருந்து மிச்சமிருக்கும். ஒரு குழந்தை எடுத்து வாயில் வைத்தால் உயிர் போகும். பசைப்பக்கம் உள்ளே வருமாறு இரண்டாக மடித்து ஒட்டி, கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்கிறது அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ. குப்பைக்கூடையில் போடாதீர்கள்.