பித்தளை விக்கிரகங்களோடு பதினொரு ஆண்டுகள்

எங்கள் பூஜை அறையில் இரண்டு பித்தளை விக்கிரகங்கள் உள்ளன: அரையடி உயரமுள்ள ஒரு பிள்ளையார், பின்புறம் வளைவாக அமைந்த திருவாசியுடன் கூடிய ஒரு மகாலட்சுமி. இவற்றைப் பதினொரு ஆண்டுகளாக நானே துலக்கி வருகிறேன். இத்தனை காலத்தில் இவற்றுக்கு நேர்ந்த சேதத்தில் பெரும்பகுதி என் கையால் வந்ததே தவிர அழுக்கால் வந்ததன்று.

முதல் ஐந்து ஆண்டுகள் வெள்ளிக்கிழமை தவறாமல் புளியும் உப்பும் சேர்த்து, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தேன். ஆண்டுக்கு 52 வாரம் என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 260 முறை. பிள்ளையாரின் புருவக் கோடும் மூஞ்சூற்றின் கண்களும் மழுங்கிவிட்டதை, வாங்கிய நாளில் எடுத்த புகைப்படத்தோடு ஒப்பிட்டபோதுதான் உணர்ந்தேன். முகக்களை என்று நாம் சொல்வது பெரும்பாலும் உளியால் இட்ட மெல்லிய கோடுகள்தாம். நார் அவற்றைத்தான் முதலில் தின்கிறது.

ஒருமுறை எலுமிச்சைச் சாற்றைத் தடவிவிட்டு மறந்துபோனேன். மாலையில் பார்த்தால் பிள்ளையாரின் தொந்தி செம்பு நிறமாகச் சிவந்திருந்தது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். புளிப்பில் நெடுநேரம் ஊறினால் துத்தநாகம் முந்திக் கரைய, மேற்பரப்பில் செம்பு மிஞ்சுகிறது. அந்தச் சிவப்பு போக மெருகிட வேண்டியதாயிற்று.

இப்போது இரண்டு மாதத்திற்கு ஒருமுறையும் பண்டிகைக்கு முன்பும் மட்டுமே துலக்குகிறேன். மற்ற நாட்களில் உலர்ந்த பருத்தித் துணியால் துடைப்பதோடு சரி. உப்பை அறவே விட்டுவிட்டேன், ஏனெனில் இடுக்குகளில் தங்கும் உப்பு ஈரக் காற்றோடு சேர்ந்து பச்சைக் களிம்பை மீண்டும் மீண்டும் வரவழைக்கிறது. ஊறவைத்த புளியை நார், கொட்டை நீக்கிக் கரைத்து, விரலால் இரண்டு மூன்று நிமிடம் மட்டும் தடவி, நல்ல தண்ணீரில் கழுவி, புளிப்பு மிச்சமிருந்தால் முறியும்படி சிறிது சமையல் சோடா கரைத்த நீரில் ஒருமுறை அலசி எடுக்கிறேன். துலக்குவதைவிட உலர்த்துவதே முக்கியம் என்பேன். திருவாசியின் துளைகளிலும் பீடத்தின் அடியிலும் ஒளிந்திருக்கும் நீரைத் துணி எட்டாது. முடி உலர்த்தும் கருவியின் வெப்பக்காற்று எட்டும்.

மகாலட்சுமியின் கதை வேறு. அவருக்கு மேற்பூச்சாக வார்னிஷ் அடித்திருந்ததை விற்றவர் சொல்லவில்லை. மாதக்கணக்கில் மங்காமலிருந்தபோது நல்ல பித்தளை என்று மகிழ்ந்தேன். பிறகு பூச்சு அங்கங்கே உரிந்து, காற்றுப்பட்ட இடங்களில் மட்டும் கறுப்புத் திட்டுகள் தோன்றின. அந்தக் கறுப்பு, உரியாமல் எஞ்சிய பூச்சின் ஓரங்களுக்கு அடியிலும் பரவியிருந்ததால் புளி அதைத் தொடவேயில்லை. மெருகு போடுபவரிடம் கொடுத்துப் பூச்சை முழுவதும் நீக்கிய பிறகே நிறம் சீரானது. பூச்சுள்ள விக்கிரகம் என்று தெரிந்தால் புளியும் அபிஷேகமும் வேண்டாம், ஈரத்துணி போதும்.

அபிஷேகத்தைப் பொறுத்தவரை, பாலும் தயிரும் முடிந்த உடனே கழுவிவிட வேண்டும். இடுக்கில் காய்ந்த சந்தனத்தை ஊறவிட்டு, மூங்கில் குச்சியால் எடுக்கலாம், ஊசி கீறிவிடும். பித்தளையில் தயிர் நின்றால் களிம்பேறும் என்பதால்தானே நம் பாட்டிமார் சமையல் பாத்திரங்களுக்கு வெள்ளீயம் பூசினார்கள்? ஆகவே விக்கிரகத்தின் மேல் வழிந்த தயிரையும் பஞ்சாமிர்தத்தையும் எங்கள் வீட்டில் யாரும் உட்கொள்வதில்லை. பிரசாதத்தைத் தனிக் கிண்ணத்தில் நிவேதனம் செய்து எடுத்துக்கொள்கிறோம்.

சுவாமிமலையில் மெழுகு வார்ப்பில் செய்யும் ஐம்பொன் படிமங்களுக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். காலப்போக்கில் அவற்றில் படியும் ஆழ்ந்த நிறம் அழுக்கன்று. அதைத் தேய்த்து எடுப்பது படிமத்தின் வயதையே எடுப்பதாகும்.

எங்கள் பிள்ளையார் இப்போது பழைய தங்கம் போல் சற்றே கறுத்த நிறத்தில் இருக்கிறார். வீட்டுக்கு வரும் பெரியவர்கள், “சுவாமியைத் துலக்கக்கூட நேரமில்லையா?” என்று கேட்கத் தவறுவதில்லை. அவர்களுக்காகவே விநாயகர் சதுர்த்திக்கு முதல்நாள் மட்டும் பளபளவென்று துலக்கி வைக்கிறேன்.