டிரிம் டேப்பா, சாயும் ஸ்டெபிலைசரா?

விமானத்தில் டிரிம் (விமானி கையால் பிடித்துக்கொண்டே இருக்காமல் மூக்கின் நிலையை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு) சக்கரத்தைச் சுழற்றினால், எலிவேட்டர் (வாலில் உள்ள அசையும் தகடு; அது ஏறினால் மூக்கு தூக்கும்) கூடுதலாக மேலே போகுமா?

செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் போகாது. அதன் எலிவேட்டர் மேலே 28 டிகிரி, கீழே 23 டிகிரி வரைதான் நகரும். இரு முனையிலும் தடுப்பு உண்டு. டிரிம் சக்கரம் அசைப்பது வலப்பக்க எலிவேட்டரின் பின்விளிம்பில் உள்ள சின்னத் தகடான டேப்பை மட்டுமே. டேப் கீழே இறங்கினால் காற்று அதை மேலே தள்ளும். எலிவேட்டரும் கூடவே ஏறி நிற்கும். யோக்கை (விமானியின் கைப்பிடியை) இழுத்துப் பிடித்துக் கை வலிக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். எலிவேட்டர் ஏற்கெனவே 10 டிகிரி ஏறி நின்றால் பாக்கி 18 தான். அப்புறம் இன்னொன்று: யோக்கை முழுதாக இழுத்த பிறகும் டேப் கீழ்நோக்கியே திரும்பியிருப்பதால் எலிவேட்டரின் வேலையில் கொஞ்சத்தை அது கெடுக்கிறது. மூக்கைத் தூக்க வைத்த டிரிம், தூக்கும் திறனின் உச்சத்தைச் சற்றுக் குறைக்கிறது!

போயிங் 737, ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட்களில் திருகுதண்டு ஒன்று எலிவேட்டரைத் தாங்கும் வாலின் கிடைமட்ட இறக்கையான ஸ்டெபிலைசரையே சாய்க்கிறது. டிரிம் ஆனதும் எலிவேட்டர் ஏறக்குறைய ஸ்டெபிலைசரோடு நேர்கோட்டுக்கு வந்துவிடும். இரு பக்கமும் நகர இடம் மிச்சம். எரிபொருள் தீரத் தீர எடைமையம் நகரும், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்புத் தகடு) இறக்கினால் சமநிலை மாறும். இத்தனையையும் எலிவேட்டரே சுமந்தால் அவசரத்துக்கு என்ன மிஞ்சும்? ஜெட்டுக்கு இதுதான் சரி. ஜெட்டுக்கு மட்டும் என்றில்லை, பழைய சிறு விமானமான பைப்பர் ஜே-3 கப்பிலும் இதே ஏற்பாடுதான்.

ஆனால் ஸ்டெபிலைசர் தவறான பக்கம் சாய்ந்துவிட்டால் எலிவேட்டரால் அதை வெல்ல முடியாமல் போகலாம். 1994 ஏப்ரல் 26 அன்று ஜப்பானின் நகோயாவில் சைனா ஏர்லைன்ஸின் ஏ300 தரையிறங்க வந்தபோது, ‘கோ-அரவுண்ட்’ (தரையிறங்காமல் மீண்டும் மேலேறும்) முறை தவறுதலாக இயங்கிவிட்டது. துணை விமானி மூக்கை இறக்கத் தள்ள, ஆட்டோபைலட்டோ ஸ்டெபிலைசரை மூக்கு தூக்கும் பக்கம் ஏறக்குறைய எல்லை வரை சாய்த்துவிட்டது. பிறகு இன்ஜின் வேகம் கூட்டியதும் மூக்கு அளவுக்கு மீறி எழும்பி, விமானம் ஸ்டாலாகி (இறக்கைகள் தூக்குவிசையை இழந்து) விழுந்தது. இருந்த 271 பேரில் 264 பேர் இறந்தார்கள்.

சிறு விமானத்துக்கு என் ஓட்டு டேப்புக்குத்தான். டிரிம் தப்பாக இருந்தாலும் பெரும்பாலும் கைபலத்தால் சமாளிக்கலாம். 737-இல் அந்தச் சலுகை கிடையாது. புறப்பாட்டுக்கு ஏற்ற எல்லையைக் காட்டும் பச்சைப் பட்டைக்கு வெளியே டிரிம் இருக்கும்போது புறப்பட த்ரஸ்ட் (இன்ஜின் உந்துவிசை) கொடுத்தால், ஓடுபாதையிலேயே எச்சரிக்கை ஒலி கத்தத் தொடங்கிவிடும்.