சிமுலேட்டருக்கு ஜிபிஎஸ் வாங்கப் போகிறீர்களா? விமானத்தை ரத்மலானையில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்

மட்டக்களப்பு நகரில் ஒரு கடையில், வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டுபவர்களுக்கென்று பழைய விமான ஜிபிஎஸ் கருவிகளைக் கேபிளோடு சேர்த்து விற்கிறார்கள். பெயரைப் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும். ஆனால் அங்கே காட்டும் வித்தையைச் சொல்லாமல் இருக்க முடியாது. கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்தும் பொடியன்கள் இதற்காக வந்து போகிறார்கள்.

சாமான் கார்மின் 296. 2004இல் வந்த கையடக்கக் கருவி. சிறிய விமானம் ஓட்டியவர்கள் கூடக் கொண்டுபோனது, இப்போது பழைய சாமான் விலைக்குக் கிடைக்கிறது. கருவியில் எந்தப் பிழையும் இல்லை, நல்ல கருவி. சிமுலேட்டரில் விமானம் எங்கே பறக்கிறதோ அந்த இடத்தை மேசையில் இருக்கும் உண்மையான கருவி காட்ட வேண்டும் என்பதுதான் நமது ஆசை. எக்ஸ்-பிளேன் 10 என்ற விமானச் சிமுலேட்டர் மென்பொருளில் அதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது. வேறு மென்பொருள் ஒன்றும் வேண்டாம். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கே பணம் கேட்கிறார்கள்.

கடையில் காட்டியது இப்படி. மடிக்கணினியில் விமானம் மட்டக்களப்பு ஓடுபாதையில் நிற்கிறது. கருவி யூஎஸ்பி வயரில் மாட்டியிருக்கிறது. மாட்டியதும் கணினி 'டிங்' என்று சத்தம் போட்டு கார்மின் என்று பெயரும் காட்டியது. கருவியை மேசையில் வைக்காமல் கடை வாசல் பக்கம் நீட்டி வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, "சிக்னல் வேணும் தம்பி" என்றார் கடைக்காரர். கொஞ்ச நேரத்தில் கருவியின் திரையில் மட்டக்களப்பு வந்தது.

"இஞ்ச பாருங்க, பிளேன் நம்மட ஏர்போர்ட்டில நிக்கிது. இதிலயும் அதே இடம். வேற என்ன வேணும்?"

"பறக்க விட்டுக் காட்டுங்க அண்ணன்."

"இந்த லாப்டாப் ஏலாது, ஹேங் ஆகும். வீட்ட கொண்டுபோய் ஆசை தீர ஓடுங்க."

வீட்டில் விமானத்தைக் கொழும்புப் பக்கம் இருக்கும் ரத்மலானை விமான நிலையத்துக்கு மாற்றினேன். கணினியில் ரத்மலானை. கருவியில் மட்டக்களப்பு. கிளம்பி கொழும்புக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றினேன், கருவி என் வீடு இருக்கும் கல்லடியை விட்டு அசையவில்லை.

வித்தை இதுதான்: கருவி சிமுலேட்டரிடமிருந்து எதையும் வாங்கவில்லை. வாசலில் நின்று உண்மையான செயற்கைக்கோள்களைப் பிடித்து, தான் உண்மையிலேயே இருக்கும் ஊரைச் சொன்னது. கடைக்கும் திமிலைதீவில் இருக்கும் விமான நிலையத்துக்கும் சில கிலோமீட்டர்தான். வரைபடத்தைச் சுருக்கி வைத்தால் இரண்டும் ஒரே புள்ளி. சிமுலேட்டரிலிருந்து இடம் வருகிறதென்றால் வானம் தெரியவே தேவையில்லை, கட்டிலுக்கு அடியில் வைத்தாலும் வேலை செய்ய வேண்டும். வாசலுக்கு நீட்டுகிறார்கள் என்றாலே இணைப்பு இல்லை என்று அர்த்தம்.

அந்த யூஎஸ்பி வாய் வரைபடங்களை ஏற்றவும் தரவுகளை மாற்றவும் இருப்பது. கார்மினின் சொந்த முறையில்தான் அது பேசும், வெளியிலிருந்து இடத்தைச் சொன்னால் கேட்காது. இடத்தைச் சொல்ல வேண்டியது பவரும் டேட்டாவும் சேர்ந்து போகும் மற்றச் சாக்கெட்டின் வழியாக, ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் முறையில், அதாவது தரவை ஒரு வயரில் ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் முறையில். இதைக் கடைக்காரரிடம் சொன்னதும் அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "அப்ப ஸ்பெஷல் கேபிள் போடோணும்" என்று இன்னொரு பணம் வாங்கினார். அதோடு 'லைசன்ஸ் மென்பொருள்' என்று தனியாக ஒரு தொகை. நிறுவிக் கொடுத்தது எக்ஸ்-பிளேனின் அமைப்புப் பக்கத்தில் ஒரு கட்டத்தில் சரி போட்டதுதான்.

ஸ்பெஷல் கேபிள் இரண்டு துண்டு. ஒன்று யூஎஸ்பியைச் சீரியலாக்கும் அடாப்டர், மற்றது அதிலிருந்து கருவிக்குப் போகும் வயர். அடாப்டரைச் செருகியதும் கணினியின் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் அடையாளம் விழுந்தது. பக்கத்திலேயே, இந்தச் சிப் 2012உடன் கைவிடப்பட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளவும் என்று எழுதியிருந்தது. அடாப்டருக்குள் இருக்கும் புரொலிஃபிக் நிறுவனச் சிப்பின் பழையதுகளுக்கும் போலிகளுக்கும் புதிய டிரைவர் காட்டும் செய்தி அது. கணினியே சொல்லிவிட்டதால் விற்றவரைத் தொடர்புகொண்டேன். "விண்டோஸ் பிழை தம்பி" என்றார். நான் வேறு அடாப்டர் வாங்கிப் போட்டேன். மஞ்சள் போய்விட்டது, கருவி மட்டும் அசையவில்லை.

கடைசியில் வாழைச்சேனையில் பலநாள் படகுகளுக்கு மீன் காட்டும் கருவியும் ஜிபிஎஸ்ஸும் பூட்டும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். விமானத்துக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஜிபிஎஸ் கருவிகள் இடத்தைச் சொல்லிக்கொள்ளும் என்எம்இஏ 0183 என்ற முறையே கடல்சார் மின்னணுச் சங்கம் ஒன்று வகுத்ததுதான். சாதாரணமாக வினாடிக்கு 4800 பிட் வேகத்தில் ஓடும். இந்தக் கார்மின்கள் சிமுலேட்டருக்கு 'ஏவியேஷன் இன்' என்ற வேறு வடிவத்தில், 9600 வேகத்தில் கேட்கின்றன. ஆனால் வயர் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

அவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒன்பது முள் கனெக்டரின் மூடியைக் கத்தியால் நெம்பினார். உள்ளே முழுக்கச் சூட்டுப் பசை. அதைச் சுரண்டி எடுத்தால், இரண்டாவது முள்ளிலும் ஐந்தாவது முள்ளிலும் ஈயம் பிடித்திருக்கிறது. மூன்றாவது முள் பளபளவென்று புத்தம் புதிதாக, ஈயமே தொடாமல் நிற்கிறது. கருவியின் உள்வாங்கும் வயர் உறையோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்தது.

"ரெண்டாம் முள்ளு கருவி சொல்லுறத கம்பியூட்டர் கேக்க. அஞ்சு எர்த். கம்பியூட்டர் சொல்லுறது மூணால வரோணும். இதில வாய் இருக்கு, காது இல்ல" என்றார்.

கருவி பேசினால் கணினி கேட்கும் ஒருவழி வயருக்கு மேலே 'சிமுலேட்டர் ஸ்பெஷல்' என்று லேபிள் ஒட்டி விற்றிருக்கிறார்கள். அவர் வெட்டிய வயரை உரித்து மூன்றாம் முள்ளில் ஈயம் வைத்தார். கருவியைச் சிமுலேட்டர் நிலையில் போட்டு, ஏவியேஷன் இன் வடிவத்தைத் தெரிவுசெய்து, ரத்மலானையிலிருந்து கிளம்பினேன். எண்கள் ஓடத் தொடங்கின. மட்டக்களப்பில் இறங்கும்போது வடக்கு 7 பாகை 42 நிமிடம் என்று கருவி காட்டியது. அவர் கேட்ட கூலி, கடைக்காரர் லைசன்ஸுக்கு வாங்கியதில் ஒரு துளி.

கேபிளோடு திரும்பக் கடைக்குப் போனேன். "பிரிச்சிட்டீங்க, வாரண்டி போச்சு. மறுகா நான் என்ன செய்ய?" என்றார். பற்றுச்சீட்டைப் பார்த்தால் 'கணினி உதிரிப்பாகம்' என்று மட்டும் இருக்கிறது. மாடல் இல்லை, எதற்கென்று இல்லை. அது தெரியாமல் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கே வாங்கினாலும் சரி, பணம் கொடுப்பதற்கு முன் விமானத்தை ரத்மலானையிலோ கட்டுநாயக்கவிலோ வைத்து, கருவியை உள்ளறையில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் அடாப்டரின் மூன்றாம் முள்ளில் சிவப்பையும் ஐந்தாம் முள்ளில் கறுப்பையும் வையுங்கள். சும்மா இருக்கும்போது மைனஸில் சில வோல்ட் காட்டினால் ஆர்எஸ்-232. பிளஸில் 3.3 அல்லது 5 காட்டினால் அது வேறு வகை, இந்தக் கருவிக்கு ஆகாது. இரண்டையும் மூன்றையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, புட்டி (PuTTY) மாதிரி ஒரு டெர்மினல் மென்பொருளில் தட்டெழுதினால் எழுத்து திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அடாப்டரே செத்தது. கையில் டேப்லெட் இருக்கிறதென்றால் இந்தப் பழைய கருவியே வேண்டாம், எக்ஸ்-பிளேன் வைஃபையில் நேராக வரைபடச் செயலிக்கு இடத்தை அனுப்பும். எனக்கு அந்தப் பொத்தான்களை அழுத்துவதில்தான் ஆசை, அது வேறு கதை.

பற்றுச்சீட்டில் மாடல், தொடர் இலக்கம், 'விமானச் சிமுலேட்டரிலிருந்து இடத்தைப் பெறும்' என்ற வாசகம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் திரும்பிவிடுங்கள்.

ஏற்கெனவே இப்படி வாங்கியவர்கள் நுகர்வோர் அதிகார சபைக்கு எழுத்தில் கொடுக்கலாம். தொலைபேசி 1977. வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம். சூட்டுப் பசை வைத்த அதே கேபிள் உங்களிடமும் இருந்தால், திறப்பதற்கு முன் லேபிள் தெரிய ஒரு படம், திறந்த பிறகு மூன்றாம் முள் தெரிய ஒரு படம் எடுத்து வையுங்கள். எனது முறைப்பாட்டோடு இன்னும் இரண்டு பேருடையது சேர்ந்தால் 'விண்டோஸ் பிழை' என்று அவர் சொல்ல முடியாது.