பிளஸ் ஒன் வேதியியலுக்கு எட்பசில்

பிளஸ் ஒன் மாணவர்களுக்கு வேதியியல் நடத்துகிறேன். மோல் (அணு, மூலக்கூறு போன்ற துகள்களை எண்ணும் அலகு) கணக்கைக் கரும்பலகையில் விளக்கி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். கணக்குப் போடுவது வீட்டுப்பாடமாகிவிடும், அங்கே உதவ ஆள் இருக்காது. அமெரிக்காவின் கொலராடோவில் வேதியியல் ஆசிரியர்களான ஜோனதன் பெர்க்மனும் ஆரன் சாம்ஸும் 2007இல் இதைத் தலைகீழாக்கினார்கள்: பாடம் காணொளியாக வீட்டில், பயிற்சி வகுப்பில்.

அதற்கு நான் பயன்படுத்துவது எட்பசில் (Edpuzzle) என்ற இணையதளம். காணொளியின் நடுவே வேண்டிய இடத்தில் கேள்வி வைக்கலாம். அங்கே படம் நின்று விடை கேட்கும். காணொளியை முன்னே தள்ளிவிட்டுப் பார்ப்பதையும் தடுக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது ஆசிரியருக்கான பக்கம். யார் எந்தக் கேள்வியில் தடுமாறினார், எந்தப் பகுதியைத் திரும்பப் பார்த்தார் என்பது வகுப்புக்குப் போகும் முன்பே தெரிந்துவிடுகிறது. அவகாட்ரோ எண்ணின் (ஒரு மோலில் உள்ள துகள்களின் எண்ணிக்கை, 6.022 × 10²³) அடுக்கைக் கையாளத் தெரியாதவர்கள் பக்கத்தில் நேராகப் போய் உட்கார்ந்துவிடுகிறேன். பின்வரிசைப் பிள்ளைகள் வாய்திறந்து சந்தேகம் கேட்கிறார்கள்!

இணையம் வேண்டும் என்பதுதான் சிக்கல். வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்றால் பிள்ளை என்ன செய்யும்? அவர்களுக்காக மதிய இடைவேளையில் கணினி அறையைத் திறந்துவைக்கிறேன். காணொளி பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். தொடங்கிப் பார்க்க இலவசக் கணக்கே போதும்.