ஜிப், ரார், செவன்-இசட்: எதில் கட்டி வைப்பது?

உங்கள் கணினியில் இருக்கும் ஒரு வேர்டு கோப்பை (.docx) நோட்பேடில் திறந்து பாருங்கள். புரியாத குறிகள்தான் குவிந்து கிடக்கும். ஆனால் முதல் இரண்டு எழுத்துகளை மட்டும் படிக்க முடியும்: பி, கே. ஆண்ட்ராய்டு செயலியின் ஏபிகே, மின்னூலின் ஈபப், லிப்ரே ஆபீஸ் ஆவணம் எல்லாமே இப்படித்தான் தொடங்கும். ஃபில் கேட்ஸ் (Phil Katz) என்ற அமெரிக்க நிரலாளரின் பெயரெழுத்துகள் அவை. இந்தக் கோப்புகள் எல்லாம் உள்ளுக்குள் ஜிப்தான், அதாவது பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய பொதி.

எதில் சுருக்கி வைப்பது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எது அதிகம் சுருக்கும் என்றுதான் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு. இந்த வகைக் கோப்பைத் திறக்கவும் உருவாக்கவும் யார் வேண்டுமானாலும் நிரல் எழுதலாமா? இந்தக் கேள்வி முக்கியமானது என்று நமக்குக் காட்டியது ஒரு வழக்கு.

1985-இல் டாம் ஹெண்டர்சனின் எஸ்.ஈ.ஏ. நிறுவனம் கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் ஆர்க் என்ற நிரலை வெளியிட்டது. மோடத்தில் டயல் செய்து கோப்பு இறக்கிய காலம், ஒவ்வொரு நிமிடத்துக்கும் தொலைபேசிக் கட்டணம் ஓடும். அதனால் ஆர்க் வேகமாகப் பரவியது. அதன் மூல நிரலும் எல்லோருக்கும் கிடைத்தது. கேட்ஸ் அதே கோப்பு வகையைக் கையாளும் பிகேஆர்க்கை எழுதினார். முக்கியமான பகுதிகளைக் கணினியின் அடிமட்ட மொழியான அசெம்ப்ளியில் எழுதியிருந்ததால் அது ஆர்க்கைவிடப் பல மடங்கு வேகம். 1988-இல் எஸ்.ஈ.ஏ. பதிப்புரிமை, வணிகச்சின்னம் இரண்டையும் சொல்லி விஸ்கான்சினில் வழக்குப் போட்டது. இரண்டு நிரல்களையும் ஒப்பிட்ட நிபுணர், குறிப்புரைகளும் அவற்றிலிருந்த எழுத்துப்பிழைகளும்கூட அப்படியே வந்திருப்பதைக் காட்டினார். அந்த ஆகஸ்டிலேயே சமரசம் ஆகி, கேட்ஸ் பணம் கட்டினார்.

பயனர்களின் அனுதாபம் கேட்ஸ் பக்கம் போனது. எனக்கு அதில் உடன்பாடில்லை, வழக்கில் நியாயம் ஹெண்டர்சன் பக்கம்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு கேட்ஸ் செய்த காரியம் பெரியது. 1989-இல் புதிதாக பிகேஜிப்பைக் கொண்டுவந்தபோது, ஜிப் கோப்பின் அமைப்பை முழுக்க எழுதி வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் இதற்கு நிரல் எழுதலாம் என்றார். ஆர்க்கில் நிரலைப் பார்க்க முடிந்தது, எடுத்துப் பயன்படுத்தும் உரிமை இல்லை. ஜிப்பில் நிரல் விலைக்கு, அமைப்பு பொதுவுக்கு. ஜிப் இன்றுவரை நிற்பதற்கு இந்த வேறுபாடே காரணம் என்பேன்.

அமைப்பு பொதுவாக இருந்தால் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் சுருக்கும் முறையிலும் வில்லங்கம் இருக்கக் கூடாது. எல்இசட்டபிள்யூ என்ற சுருக்கும் முறைக்கு 1985-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்து, அது பின்னர் யுனிசிஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. யூனிக்ஸ் இயங்குதளத்தின் கம்ப்ரஸ் நிரல், ஜிஃப் படம் இரண்டுமே அதை நம்பி இருந்தவை. அந்தத் தொல்லையைத் தாண்டத்தான் ஜிஜிப் என்ற சுருக்கும் நிரல் பிறந்தது, பிறகு பிஎன்ஜி படம் வந்தது. இரண்டுக்கும் கைகொடுத்தது, ஜிப்புக்குள் இருக்கும் கேட்ஸின் டிஃப்ளேட் என்ற சுருக்கும் முறை. காப்புரிமை அமெரிக்காவில் 2003-இல் காலாவதியானபோது பலரும் ஏற்கெனவே வேறு வழிக்குப் போயிருந்தார்கள்.

சரி, ரார். யூஜின் ரோஷல் 1993-இல் கொண்டுவந்தது. பிரித்தெடுக்கும் நிரலின் மூலத்தை அவர்கள் இலவசமாகவே தருகிறார்கள். ஒரு நிபந்தனை: அதை வைத்து ரார் சுருக்கும் முறையை மறுபடி உருவாக்கக் கூடாது. எனவே எந்த நிரலும் ராரைத் திறக்கலாம், உருவாக்க அவர்களுடைய நிரல்தான் வேண்டும். டெபியன் லினக்ஸ் இயங்குதளம் அந்த அன்ரார் நிரலைக் கட்டற்ற மென்பொருள்களோடு சேர்க்காமல் தனியாக வைத்திருப்பது இதனால்தான். 2013-இல் ரார் ஐந்தாம் வடிவம் வந்தபோது பழைய நிரல்களால் அதைத் திறக்க முடியவில்லை.

ஆனாலும் ராரிடம் மற்ற இரண்டிடமும் இல்லாத ஒன்று உண்டு: மீட்புப் பதிவு. கொஞ்சம் இடம் கூடுதலாக எடுத்துக்கொண்டு, கோப்பு சேதமானால் சரிசெய்யத் தேவையான தகவலை உள்ளேயே வைத்துக்கொள்ளும். உறவினர் திருமணப் படங்களை ஒரு ஸ்டூடியோ ஆறு பாகமாக ரார் செய்து டிவிடிகளில் கொடுத்தது. நான்காவது வட்டில் கீறல். மீட்புப் பதிவு வைக்கவில்லை, போதாததற்கு எல்லாப் படங்களையும் ஒரே தொடராகச் சுருக்கும் சாலிட் முறையில் கட்டியிருந்தார்கள். தாலி கட்டும் நேரத்துப் படங்களோடு அப்படியே நின்றுவிட்டது. ஐந்தும் ஆறும் வட்டுகள் பழுதில்லாமல் என் கையிலேயே இருந்தன, இருந்தும் ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை. அன்று அந்த ஒரு பெட்டியில் டிக் போட்டிருந்தால் தப்பித்திருக்க வாய்ப்பு உண்டு.

செவன்-இசட் உரிம விஷயத்தில் மிகத் தெளிவானது. இகோர் பாவ்லோவின் செவன்-ஜிப் 1999-இலிருந்து இருக்கிறது, கட்டற்ற மென்பொருள். உள்ளே இருக்கும் எல்இசட்எம்ஏ முறையின் நிரல்தொகுப்பை 2008-இல் பொதுவுடைமையாகவே விட்டுவிட்டார். எழுத்துக் கோப்புகளை டிஃப்ளேட்டைவிட நன்றாகச் சுருக்கும். கடவுச்சொல் போட்டால் உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயரையும் மறைக்கலாம். ஜிப்பில் வழக்கமாகப் பெயர்கள் வெளியே தெரியும். குறை என்றால், மீட்புப் பதிவு இல்லை. கோப்புப் பட்டியல் கடைசியில் இருப்பதால் பாதியில் அறுந்த கோப்பைக் காப்பாற்றுவதும் கடினம். அப்புறம், விண்டோஸ் 11 ராரையும் இதையும் தானாகவே திறக்கத் தொடங்கியது 2023-இல்தான். பழைய கணினி வைத்திருப்பவருக்கு அனுப்பினால் அவர் தனி நிரல் நிறுவ வேண்டும்.

ஜிப் என்றாலே எங்கும் திறக்கும் என்பதும் முழு உண்மை இல்லை. 2003 வாக்கில் வின்ஜிப் என்ற நிரலும் கேட்ஸ் தொடங்கிய பிகேவேர் நிறுவனமும் ஆளுக்கொரு விதமாக வலுவான மறைகுறியாக்கத்தைச் சேர்த்தன. பெயர் ஜிப்தான், ஒன்றின் பூட்டை மற்றது திறக்காது. 2004 ஜனவரியில் இருவரும் பேசி இணங்கினார்கள். தமிழில் பெயர் வைத்த கோப்புகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. யூனிகோடு பெயர்களுக்கான குறி ஜிப்பின் விவரக்குறிப்பில் 2006-இல்தான் வந்தது. அதைப் போடாத நிரல் கட்டிய ஜிப்பைப் பிரித்தால் ‘பாட்டி கடிதம்’ என்ற பெயர் வெறும் கிறுக்கலாக வரும், உள்ளடக்கம் கெட்டிருக்காது.

நான் இப்போது யாருக்காவது அனுப்புவது ஜிப்பில், கடவுச்சொல் தேவைப்பட்டால் மட்டும் செவன்-இசட். என் சொந்தக் காப்புப் பிரதிகளும் செவன்-இசட்தான், இரண்டு வட்டுகளில், சாலிட்டை அணைத்துவிட்டு. பழைய ரார் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மாற்றிக்கொண்டிருக்கிறேன். திருமணப் படங்களின் அந்த ஆறு பாகங்களை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன்.