நுவரெலியாவில் எட்டு மாதம் பாவித்த மின்சாரப் பிரஷர் குக்கர்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த சட்டித் தண்ணீர் அதற்கு மேல் சூடேறாது. கூட்டிய சூடெல்லாம் ஆவியாகிக் கூரைக்குத்தான் போகும். இரவே ஊறப் போட்ட கடலை காலையில் ஒன்றரை மணி நேரம் கொதித்தும் விரலுக்குள் நசியாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே ஆவியை உள்ளேயே அடைத்து, வெப்பத்தை 110 பாகைக்கு மேல் ஏற்றும் பாத்திரம் கொழும்பு வீட்டைவிட மலையக வீட்டுக்கே அதிகம் தேவைப்படுகிறது.

2022 இல் எரிவாயு சிலிண்டருக்காக வரிசையில் நின்ற நாட்களிலிருந்தே இப்படியொன்றை வாங்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். எட்டு மாதங்களுக்கு முன்புதான் 5 லீற்றர் கொள்ளும் 900 வாட் குக்கரை வாங்கினேன். பிளக்கில் பொருத்தி மின் பாவனையைக் காட்டும் சிறிய மானி ஒன்றும் வீட்டில் இருந்ததால், சமைத்ததையெல்லாம் அளந்து குறித்து வந்தேன்.

ஊறிய அரைக் கிலோ கடலை பழைய மின்சார ஹொட் பிளேட்டில் வேக 1.15 அலகு எடுத்தது, குக்கரில் 0.32 அலகுடன் முடிந்தது. அழுத்தம் ஏறியதும் சூடாக்கி தானாக நின்று, தேவைப்படும்போது மட்டும் மீண்டும் இயங்குவதும், வெளிச்சுவர் சூட்டை எளிதில் விடாததும் இந்தச் சேமிப்புக்குக் காரணம். சமையல் முடிந்ததும் ஆவியைத் திறந்துவிடாமல், மூடியிலுள்ள சிறு முள் தானாகக் கீழே இறங்கும்வரை பொறுத்திருந்தால், உள்ளே மிஞ்சிய சூட்டிலேயே கடலை மேலும் பதமாகிறது. முதல் நாள் என் மாமியார் அருகிலேயே நின்று, "விசிலே அடிக்கலையே, வெந்திருச்சின்னு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டார். முள் இறங்கியபின் ஒரு கடலையை எடுத்துக் கட்டை விரலால் நசித்துப் பார்த்தவர், மறுவாரம் தானே குக்கரைப் போட்டார்.

சோற்றில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை. சாதாரண ரைஸ் குக்கர் இருப்பவர்கள் சோற்றுக்காக இதை வாங்கத் தேவையில்லை.

இலங்கையின் வீட்டு மின்கட்டணத்தில் மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடிய விகிதம் வந்துவிடுகிறது. எங்கள் பாவனை அந்தக் கோட்டுக்குச் சற்று மேலும் கீழுமாகவே இருந்து வந்ததால், கடலை, கௌபி, பருப்பு, இறைச்சி ஆகியவற்றில் மிஞ்சும் ஆறேழு அலகு பட்டியலில் நன்றாகவே தெரிகிறது. 900 வாட் என்பது 230 வோல்ட்டில் 4 அம்பியருக்கும் குறைவு. 1,500 வாட் கேத்தலைவிட இது வயரிங்குக்கு இலேசான சுமை. ஆனாலும் பழைய லயன் வீடுகளில் முதலில் மின்னியலாளரைக் கொண்டு வயரைப் பார்ப்பித்துக்கொள்ளுங்கள்.

என்னை வருத்திய குறை, சமைத்து முடிந்ததும் தானாகத் தொடங்கும் சூடு காக்கும் நிலை. மானியில் 40 வாட் காட்டியது. இரவில் மறந்து எட்டு மணி நேரம் விட்டால் 0.32 அலகு, அதாவது இன்னொரு முறை கடலை வேகவைக்கும் மின்சாரம், வீணாகப் போகும். இந்த நிலையை முன்கூட்டியே நிறுத்தி வைக்கும் வசதியைத் தராதது தயாரிப்பாளரின் பெரிய தவறு. முள் இறங்கியதும் பிளக்கைக் கழற்றுவதை நாங்கள் பழக்கமாக்கியிருக்கிறோம்.

மூடியின் ரப்பர் வளையம் ஆறாவது மாதத்தில் தளர்ந்து ஆவி கசிந்தது. வாங்கிய கடையில் உதிரி வளையம் இல்லை. கொழும்பிலிருந்து வரவழைக்க மூன்று வாரம் ஆனது. வாங்கும் நாளிலேயே ஒரு வளையத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள். ரொட்டி சுடவும் தாளிக்கவும் இது உதவாது. அதற்கு எரிவாயு அடுப்பு வேண்டும்.

கைநூலில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. அதிலுள்ள நேரங்களும் கடலோர ஊர்களுக்கே பொருந்துகின்றன: கடலைக்கு 25 நிமிடம் என்று இருந்தாலும் இங்கே 30 நிமிடம் வைத்தால்தான் பதம் வருகிறது. எங்கள் உயரத்துக்குச் சரியான நேரங்களைத் தமிழில் எழுதி, மாமியார் கண்ணாடி இல்லாமல் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில், அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.