8 எம்.எம். மவுசர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

குலசேகரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்து வீட்டில் மூன்று தலைமுறையாக ஒரு ஜெர்மன் மவுசர் வேட்டை ரைஃபிள் இருக்கிறது. இந்த மாவட்டம் திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த காலத்தில், மலைத் தோட்டத்தை விட்டுத் தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து தாத்தா அதை விலைக்கு வாங்கினார். அப்பாவுக்கு 70 வயது கடந்த பிறகு, வாரிசு என்ற முறையில் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பித்து உரிமத்தை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். உரிமப் புத்தகத்தில் துப்பாக்கியின் அளவு ‘8 எம்.எம்.’ என்று மட்டுமே இருக்கிறது. அந்த ஒரு குறிப்பை வைத்து ஒரு துப்பாக்கிக் கடை எனக்கு எதை விற்றது, அதனால் என்ன நேர்ந்தது என்பதை, இதே வகைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

தாத்தா காலத்துத் தோட்டாக்கள் எப்போதோ தீர்ந்துவிட்டன. தனி மனிதர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்ய 1980களின் நடுவிலேயே தடை வந்துவிட்டதால், நம் நாட்டில் இருக்கும் ஐரோப்பிய ரைஃபிள்கள் பெரும்பாலும் இப்படிக் குடும்பவழி வந்தவைதான். அவற்றுக்கான தோட்டாவும் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே, வேறு மாவட்டத்து நகரம் ஒன்றிலுள்ள கடையில் 8 எம்.எம். மவுசர் தோட்டா வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், உரிமத்தையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன். கடைக்காரர் துப்பாக்கியை உள்ளே கொண்டுபோய்ப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, “பேரல் கண்ணாடி மாதிரி இருக்கு அண்ணாச்சி, தாராளமாச் சுடலாம்” என்றார். ஆய்வுக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, ‘ஆய்வு செய்யப்பட்டது’ என்று ஒரு சீட்டும் கொடுத்தார். 20 தோட்டாக்களுக்கு நான் கொடுத்த பணம், எங்கள் தோட்டத்தில் பால்வெட்டுக்கு வருபவரின் ஒரு மாதக் கூலிக்கு மேல்.

பெட்டியின் மேல் ‘8×57 ஜேஎஸ்’ என்று அச்சிட்டிருந்தது. எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் வந்தது. ஜே என்று ஒரு வகையும் ஜேஎஸ் என்று ஒரு வகையும் உண்டென்று எங்கோ படித்திருந்ததால் கேட்கவும் செய்தேன். “ரெண்டும் ஒண்ணுதான், கம்பெனிக்காரன் போடுற பேருதான் வேற” என்றார். இந்தத் தொழிலையே செய்பவர் சொல்கிறார் என்று நம்பினேன்.

இரண்டும் ஒன்றல்ல. ஜெர்மானியப் படை 1888இல் எடுத்துக்கொண்ட பழைய தோட்டாதான் ஜே வகை. அந்த எழுத்து உண்மையில் காலாட்படையைக் குறிக்கும் ஐ. பழைய ஜெர்மன் அச்செழுத்தில் ஐ என்பது ஜே போலத் தோன்றுவதால் உலகமெங்கும் ஜே என்றே பரவிவிட்டது. அதன் குண்டின் விட்டம் 8.09 மில்லிமீட்டர். 1905இல் கூர்முனைக் குண்டுக்கு மாறியபோது, ஆழமான உட்பள்ளங்கள் கொண்ட குழலுக்கேற்பக் குண்டையும் 8.22 மில்லிமீட்டராகப் பெருக்கினார்கள்; எஸ் என்ற எழுத்து அந்தப் புதிய குண்டைக் குறிக்கிறது. வித்தியாசம் 0.13 மில்லிமீட்டர்தான். ஆனால் தாமிரமும் ஈயமும் கொண்ட ஒரு குண்டு தன்னைவிடக் குறுகிய எஃகுக் குழலுக்குள் பிதுங்கிப் போக வேண்டியிருக்கும்போது, பின்னால் எரியும் வெடிமருந்தின் அழுத்தம் துப்பாக்கி தாங்கும் அளவைத் தாண்டிவிடலாம். அமெரிக்கத் தொழிற்சாலைகள் 8 எம்.எம். மவுசர் தோட்டாவில் மருந்தைக் குறைத்தே அடைப்பதற்குக் காரணம், அது யாராவது ஒருவரின் பழைய ஜே குழலுக்குள் போய்விடும் என்ற அச்சம்தான். எனக்கு விற்றது ஐரோப்பியத் தோட்டா. அங்கே ஜேஎஸ் வகைக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் 3,900 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). அதற்கேற்ற முழு மருந்து அதில் இருந்தது.

1905க்குப் பிறகு செய்த துப்பாக்கி என்றால் எஸ் குழலாகத்தான் இருக்கும் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. படைத் துப்பாக்கிகள் மாறிய பின்னும் வேட்டைத் துப்பாக்கி செய்தவர்கள் பல ஆண்டுகள் ஜே குழலையே போட்டுவந்தார்கள். எங்களுடையதும் அப்படிப்பட்ட ஒன்று. குழலைச் சோதித்தபோது அதன் அளவைக் குறித்துப் பதித்த முத்திரைகள் குழலின் அடியில் மரக்கட்டைக்குள் மறைந்திருந்ததால், வெளியே பார்த்தால் செய்தவரின் பெயரைத் தவிர வேறெதுவும் தெரியாது.

“தோட்டத்துல ரெண்டு சுட்டுப் பாருங்க” என்று கடைக்காரர் சொல்லியனுப்பியதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டி வாழும் எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடக் கெட்ட யோசனை இல்லை. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் ஆயுத உரிமத்தோடு வசிப்பவர் வனத்துறையிடம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும் என்றே 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நான் மாவட்டத்துக்கு வெளியே அனுமதி பெற்ற சுடுதளம் ஒன்றுக்குத்தான் போனேன். முதல் தோட்டாவை ஏற்றும்போது, தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் எஃகுத் தண்டான போல்ட்டின் கைப்பிடி கடைசி அரை அங்குலத்தில் சற்று இறுகியது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நான் அழுத்தி மூடினேன். சுட்டதும் இடக்கைப் பக்கம் சூடான காற்று பீறிட்டது, கன்னத்தில் மருந்துத் துகள்கள் தெறித்தன. எங்களுடையதைப் போன்ற மவுசர் 98 வகையின் போல்ட் உடலில் இருக்கும் இரண்டு துளைகள், கசியும் வாயுவை இடப்பக்கமாகத் திருப்பி வெளியேற்றுவதற்காகவே வைக்கப்பட்டவை. என் கண் தப்பியதற்குக் காரணம் அந்த அமைப்புதான். கைப்பிடியை உள்ளங்கையால் பலமுறை தட்டிய பிறகே போல்ட் திறந்தது. வெளியே விழுந்த பித்தளை உறையின் அடியில், மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமர் தட்டையாக நசுங்கி, அதைச் சுற்றிக் கறுப்பு வளையம் படிந்திருந்தது. சுடுதளத்துப் பொறுப்பாளர் அதைப் பார்த்தவுடன் அடுத்த தோட்டாவை எடுக்க விடவில்லை.

தக்கலையில் ஒரு பெரியவர் இருக்கிறார். படையில் ஆயுதப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னதும், “மொதல்ல கொழல அளந்து பாப்போம் மக்கா, பொறவு பேசுவோம்” என்றார். குளச்சலில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு ஒன்றை வாங்கி வரச் சொன்னார். அதைக் குழலின் வாயைவிடக் கொஞ்சம் தடிப்பாகத் தட்டி, எண்ணெய் தடவி, காலியாக இருந்த குழலுக்குள் மரக்குச்சியால் மெல்லத் தட்டித் தட்டி மறுபக்கம் கொண்டுவந்தோம். நான்கு பள்ளங்களின் அச்சும் அந்த ஈயத்தில் தெளிவாகப் பதிந்திருந்தது. மைக்ரோமீட்டரில் எதிரெதிர் மேடுகளுக்கிடையே வைத்தபோது 8.08 காட்டியது. சுடாமல் மீந்த ஒரு தோட்டாவின் குண்டை, உறையின் வாயை ஒட்டி அளந்தபோது 8.22. அரை மணி நேர வேலை அது. ஆய்வுக் கட்டணம் வாங்கியவர் அந்தப் பத்து நிமிடத்தில் குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்பது அப்போது எனக்குத் தெளிவானது.

அந்த ஈயத் துண்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பழைய துப்பாக்கி, பேரல் தேய்ந்திருக்கும், அதனால்தான் இப்படி ஆகியிருக்கும் என்றார். குழல் தேய்ந்தால் அகலும், குறுகாது. அதைச் சொன்னதும் பேச்சு மாறியது: விற்ற தோட்டாவைத் திருப்பி வாங்க முடியாது, நீங்கள் கேட்டது 8 எம்.எம்., நான் கொடுத்ததும் 8 எம்.எம். ரசீதை எடுத்துப் பார்த்தேன். ‘8 எம்.எம். தோட்டா - 20’ என்றுதான் எழுதியிருந்தார். ஜேஎஸ் என்ற சொல் ரசீதிலும் இல்லை, ஆய்வுச் சீட்டிலும் இல்லை. அந்தச் சீட்டில் எந்த அளவுமே இல்லை. எனக்கு மிகவும் வலித்தது இதுதான். தெரியாமல் செய்த தவறென்றால் மன்னித்திருப்பேன். பெட்டியில் இருந்ததை ரசீதில் எழுதாமல் விட்டவருக்கு வித்தியாசம் தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

நம் ஊரில் ‘8 எம்.எம்.’ என்ற பேச்சு வழக்கே இந்த ஏமாற்றுக்கு இடம் கொடுக்கிறது. இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைஃபிளையும் பலர் 8 எம்.எம். என்றே சொல்கிறார்கள், அதன் தோட்டா அடியில் விளிம்புள்ளது, உறையின் நீளமும் வேறு, மவுசருக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எனவே தோட்டா வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட முழுப் பெயரையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்.

கடைக்கு உரிமம் வழங்கிய அதிகாரிக்கு, உறையின் படத்தையும் இரண்டு அளவுகளையும் இணைத்து எழுத்துமூலம் புகார் அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. மீதி 19 தோட்டாக்கள் பூட்டிய பெட்டியில் தனியாக இருக்கின்றன. பழுதுபார்க்க உரிமம் பெற்ற வேறொருவர் போல்ட்டின் பூட்டு முனைகளையும் தோட்டா அறையையும் அளந்து சொல்லும்வரை துப்பாக்கியைத் தொடுவதாக இல்லை.

நம் மாவட்டத்தில் அண்மையில் 8 எம்.எம். மவுசர் தோட்டா வாங்கியவர்கள், பெட்டியில் ஜேஎஸ் என்றோ ஐஎஸ் என்றோ இருந்தால், குழலை அளக்காமல் ஒரு தோட்டாவைக்கூடச் சுட வேண்டாம். பலருக்கு ஒன்றும் ஆகாமல் போவதுண்டு. பத்து முறை தாங்கிய துப்பாக்கி பதினோராவது முறை தாங்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஈயக்குண்டை வைத்து எப்படி அளப்பது என்று தெரியாதவர்கள் கேட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.